நம் வரைபடம் ஏன் துண்டு துண்டாக இருக்கிறது?

புதுச்சேரியின் வரலாறு, பண்பாடு, புவியியல் ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியில் கற்பித்தல்

புதுச்சேரிக்கெனத் தனிப் பாடநூல் இல்லை. புதுவையிலும் காரைக்காலிலும் நீண்ட காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களைக் கற்பித்தோம். மாகேயில் கேரளப் பாடநூல், ஏனாமில் ஆந்திரப் பாடநூல். இப்போது அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. எந்தப் பாடநூலைத் திறந்தாலும், நம் மாணவர் வாழும் ஊருக்கு அதில் கிடைக்கும் இடம் சில வரிகள்தான். டூப்ளே என்றொரு பெயர், கர்நாடகப் போர்கள் என்றொரு தலைப்பு, அதற்குமேல் அநேகமாக ஒன்றுமில்லை.

இந்தக் குறையை ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். எப்படி நிரப்புவது? ஆண்டுகளையும் ஆளுநர்களையும் பட்டியலாகக் கொடுத்தால் மாணவர்கள் இன்னொரு பாரமாகவே அதைச் சுமப்பார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கும் நான், சில ஆண்டுகளாக ஒரே ஒரு கேள்வியை வைத்து இந்தப் பாடத்தை நடத்திவருகிறேன். அந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு. ஆறு பாடவேளைகள் போதும். பாடத்தின் போக்கையும், பயன்படுத்தும் செய்திகளையும், செயல்பாடுகளையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

1. வரைபடத்தில் தொடங்குவோம்

முதல் வகுப்பில் பேச்சு வேண்டாம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எல்லைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, "எத்தனை துண்டுகள் இருக்கின்றன? எண்ணுங்கள்" என்று மட்டும் சொல்வேன்.

நான்கு என்ற விடை முதலில் வரும். வங்கக் கடலோரத்தில் புதுச்சேரி. அதற்குத் தெற்கே, காவிரிப் படுகையின் கடைமடையில் காரைக்கால். 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால் அரபிக் கடலோரத்தில் மாகே. வடக்கே 800 கிலோமீட்டருக்கு அப்பால், கோதாவரிக் கழிமுகத்தில் ஏனாம். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் 12,47,953 பேர். சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று.

பிறகு, புதுச்சேரிப் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் படத்தைக் கொடுக்க வேண்டும். அதுவே பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதை மாணவர்கள் அப்போதுதான் கவனிப்பார்கள். கனகசெட்டிகுளத்திலிருந்து வரும் மாணவர் ஒருவரை எழுப்பி, அவர் பேருந்தில் வரும் வழியைச் சொல்லச் சொல்லலாம். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி ஆகியவை புதுச்சேரி. அடுத்து பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் ஆகியவை தமிழ்நாடு. பிறகு முத்தியால்பேட்டை வந்தால் மீண்டும் புதுச்சேரி. தினமும் ஒரு மாநிலத்தைத் தாண்டி அவர் பள்ளிக்கு வருகிறார்! எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுவதையும், பெயர்ப்பலகையில் மாவட்டப் பெயர் மாறுவதையும் மாணவர்கள் அறிவார்கள். ஏன் மாறுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

எல்லைகளை ஆறு வகுத்ததா, மலை வகுத்ததா என்று அடுத்துக் கேட்பேன். சங்கராபரணி ஆற்றையும் தென்பெண்ணையையும் படத்தில் தேடுவார்கள். எல்லைக் கோடு ஆற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது விரைவில் தெரிந்துவிடும். அப்படியானால் இந்தக் கோட்டை மனிதர்கள்தான் போட்டிருக்க வேண்டும். யார், எப்போது, எதற்காக? புவியியல் வகுப்பு இந்த இடத்தில் வரலாற்று வகுப்பாக மாறுகிறது.

2. துண்டுகள் சேர்ந்த கதை

நம் ஊரின் வரலாறு பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தொடங்கவில்லை என்பதை முதலிலேயே பதியவைக்க வேண்டும். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய உலகோடு இருந்த வணிகத் தொடர்பை வெளிப்படுத்தியது. மணிகள் செய்த தொழிற்கூடம் இருந்த இடம் அது. பாகூரில் பல்லவர் காலத்திலேயே உயர்கல்வி நிலையம் ஒன்று இயங்கியது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, அதன் செலவுக்காக மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைச் சொல்கிறது. பாகூர் மாணவர்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664இல் தொடங்கப்பட்டது. செஞ்சிச் சீமையின் தென்பகுதியை ஆண்ட வாலிகொண்டபுரம் ஷேர்கான் லோடியின் இசைவோடு, 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே தங்கினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். இன்று நாம் பெருமையாகச் சொல்லும் நேர்கோட்டுத் தெருக்களின் திட்டம் அவர்கள் காலத்தில் வரையப்பட்டது. 1697 ஒப்பந்தப்படி ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரருக்குப் போனது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மாகே, ஏனாம் ஆகியவை 1720களில் சேர்ந்தன. காரைக்கால் 1739இல் தஞ்சை மராத்திய அரசரிடமிருந்து வாங்கப்பட்டது. மிளகுக்காக மாகே, துணிக்காக ஏனாம், நெல்லுக்கும் துணிக்கும் காரைக்கால் என்று, கப்பலில் ஏற்றும் சரக்கைப் பார்த்தே இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நான்கு ஊர்களும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதன் காரணம் இதுதான். நிலத்தில் அவை தனித்தனி. கடல்வழியில் அவை ஒரே வணிகச் சங்கிலி.

பத்துக்கு மேற்பட்ட உள்துண்டுகளின் கதை வேறு. உள்நாட்டு ஆட்சியாளர்கள் தமக்குப் போரில் உதவிய கம்பெனிக்கு ஊர்களைக் கொடையாகக் கொடுத்தார்கள். வில்லியனூரும் பாகூரும் 1749இல் அவ்வாறு வந்தவை. பிறகு ஆங்கிலேயருடன் போர். 1760இல் வந்தவாசியில் தோல்வி, 1761 ஜனவரியில் புதுச்சேரி சரண். ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் பாரீசு ஒப்பந்தத்தில் இடிந்த ஊர் திரும்பக் கிடைத்தது. 1778இலும் 1793இலும் மீண்டும் பறிபோனது. 1783 வெர்சாய் ஒப்பந்தத்தில் வில்லியனூர், பாகூர் பகுதிகளும், காரைக்காலைச் சுற்றிய நான்கு மாகாணங்களும் பிரான்சுக்கு உரியவை எனக் குறிக்கப்பட்டன. 1816இல் இறுதியாகக் கைக்கு வந்தது, கோட்டை கட்டக்கூட இயலாத இந்தச் சிதறல் நிலம்தான்.

இதை விளக்கும்போது மாணவர்கள் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1748இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், கனடாவின் லூயிபூர் கோட்டையைத் திரும்பப் பெறுவதற்காகச் சென்னையை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் வாழ்ந்தவர்களையோ லூயிபூரில் வாழ்ந்தவர்களையோ யாரும் கேட்கவில்லை. நம் வரைபடத்தை வரைந்த மேசை நம் ஊரில் இருக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

3. அதே கம்பெனி, இன்னொரு கண்டம்

இப்போது உலக வரைபடத்தை விரித்து, அமெரிக்காவின் தென்பகுதியில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டியிருக்கும் லூசியானா மாநிலத்தைக் காட்டுவேன். இந்த ஒப்பீடு புதுச்சேரியை உலகத்தோடு இணைத்துக் காட்டுகிறது. அந்நாட்டைப் பற்றிய பாடமாகவும் அதுவே அமைந்துவிடுகிறது.

பெயரிலேயே உறவு தொடங்குகிறது. பதினான்காம் லூயி மன்னரின் பெயரால் 1682இல் அந்நிலத்திற்கு லூசியானா எனப் பெயரிட்டார்கள். புதுச்சேரிக் கோட்டையின் பெயரும் லூயி கோட்டைதான். நியூ ஆர்லியன்ஸ் நகரம் 1718இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே, ஜான் லா என்னும் ஸ்காட்லாந்து நிதியாளர், லூசியானாவை நிர்வகித்த கம்பெனியையும் கிழக்கிந்தியக் கம்பெனியையும் இணைத்து ஒரே கம்பெனி ஆக்கினார். 1731 வரை புதுச்சேரியையும் நியூ ஆர்லியன்சையும் ஆண்டது ஒரே கம்பெனி! ஜான் லாவின் திட்டம் 1720இல் சரிந்து, பிரான்சில் பலர் செல்வத்தை இழந்தனர். அவருடைய உறவினர் ழான் லா தெ லோரிஸ்தோன்தான் 1765இல் புதுச்சேரியின் ஆளுநராகி, இடிந்து கிடந்த நகரத்தை மீண்டும் எழுப்பியவர்.

1763 ஒப்பந்தம் இரண்டு ஊர்களையும் வெவ்வேறு பாதையில் அனுப்பியது. புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றின் கிழக்குப் பகுதி பிரிட்டனுக்கும், மேற்குப் பகுதியும் நியூ ஆர்லியன்சும் ஸ்பெயினுக்கும் போயின. பின்னர் நெப்போலியன் அதைத் திரும்பப் பெற்று, 1803இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார். இன்றைய லூசியானா 1812இல் அந்நாட்டின் 18ஆவது மாநிலமானது. தலைநகர் பேட்டன் ரூஜ். விற்பனையின்போது அங்கு வாழ்ந்தவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். ஐந்தாம் பகுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

4. துணி போன வழி

கம்பெனியின் வணிகத்தை அழகான கப்பல் படங்களோடு முடித்துவிட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். அதில் ஏற்றப்பட்டவை பண்டங்கள் மட்டுமல்ல.

புதுச்சேரிப் பகுதியில் நெய்து, அவுரியில் நீலம் தோய்த்த துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. அங்கே இந்தியத் துணி, அடிமைகளுக்கான பண்டமாற்றுப் பொருள்களுள் ஒன்றாக இருந்தது. 1719 முதல் ஏறத்தாழ 6,000 ஆப்பிரிக்கர்கள் லூசியானாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் செனகல், காம்பியா ஆறுகளின் பகுதியைச் சேர்ந்தவர்கள். செனகல் வணிகமும் அதே கம்பெனியின் கையில்தான் இருந்தது. தறியில் உட்கார்ந்த நெசவாளிக்குத் தன் துணி எங்கே போகிறது, எதற்கு மாற்றாகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. நெசவுக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். இதைப் பேசும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை அவசரமாகக் கலைக்க வேண்டாம்.

நம் மக்களும் அடிமைகளாகக் கப்பல் ஏறினார்கள். டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1743ஆம் ஆண்டுப் பதிவுகளில், அடிமைகளாக விற்பதற்காக ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் அடைத்துவைத்த செய்தி இருக்கிறது. இன்றைய மொரீஷியசும் ரியூனியனும் அவர்கள் கொண்டுபோகப்பட்ட தீவுகள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848இல் ஒழிந்த பின், 1850களில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனார்கள்.

நகரத்தின் அமைப்பையும் இங்கேயே விளக்கலாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரம் வெள்ளையர் நகரம்; மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர். இன்று சுற்றுலா விளம்பரங்கள் கிழக்குப் பகுதியை மட்டும் காட்டுகின்றன. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட மேற்குப் பகுதி வீடுகளும், முஸ்லிம் தெருக்களின் வீடுகளும் நகரத்தின் மரபுதான். அதைக் கட்டிய கைகளும் வரலாறுதான்.

பஞ்சாலைத் தொழிலாளர்களையும் விட்டுவிடக் கூடாது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைப் போராட்டத்தில் பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தனர். வ. சுப்பையா உள்ளிட்ட தலைவர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து, 1937இல் எட்டு மணி நேர வேலை உரிமை கிடைத்தது. அந்த ஆலைகள் இன்று மூடிக்கிடக்கின்றன. ஆனால் ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள்தான் இந்தப் பகுதிக்குப் பாடநூல்.

5. எல்லை கொடுத்ததும் எடுத்ததும்

கோடு வேறொருவர் போட்டது என்றாலும், அந்தக் கோட்டை நம் மக்கள் தமக்கேற்பப் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் காவல்துறையின் கை எட்டாத இடம் என்பதால், 1908இல் பாரதியார் இங்கே வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பத்தாண்டுகள் பாரதிக்கு அடைக்கலம் தந்தது இந்த எல்லைக் கோடு. 1918 நவம்பரில் அதைத் தாண்டியதும் கடலூரில் கைதானார். முள்ளோடை வழியாகக் கடலூர் போய்வரும் மாணவருக்கு, தான் கடக்கும் அந்த இடத்தின் பொருள் அன்று முதல் மாறிவிடுகிறது.

பாரதிதாசனை இந்தப் பாடத்தில் நம் சக ஆசிரியராக அறிமுகப்படுத்தலாம். 1909இல் காரைக்கால் பகுதியில் பணியில் சேர்ந்து, 1946இல் ஓய்வுபெறும்வரை அவர் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தார்.

சட்டத்தையும் மக்கள் கையிலெடுத்தார்கள். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்திற்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரீசு வரை வழக்காடி வென்றார். 1881 ஆணை, விரும்புவோர் தம் சமயவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழி செய்தது. இன்றும் சில குடும்பங்களுக்கு அச்சட்டமே பொருந்துகிறது. லூசியானாவிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் பிற மாநிலங்களில் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபு. லூசியானாவில் மட்டும் பிரெஞ்சு, ஸ்பானிய வழிவந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு.

ஆட்சிச் சொற்களிலும் தடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம். நம்மிடம் கொம்யூன் பஞ்சாயத்து. 1880இல் பிரெஞ்சு அரசு ஏற்படுத்திய கொம்யூன்களின் வழிவந்தது அது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத்தைக் கவுண்டி என்பார்கள், லூசியானாவில் பாரிஷ். அங்கே அவை 64. சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். நம் வடகம் பிரெஞ்சுச் சமையலில் வடூவான் ஆகிவிட்டது. லூசியானாவின் புகழ்பெற்ற கம்போ என்னும் குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களிடம் மிஞ்சியிருந்தது சொல்லும் சுவையும்தான்.

இனி விடுதலை. "1947 ஆகஸ்ட் 15 அன்று நம் ஊர் அரசுக் கட்டடங்களில் எந்தக் கொடி பறந்தது?" என்று கேளுங்கள். பிரெஞ்சுக் கொடி என்ற விடையைப் பல மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். 1954இல் ஜூன் மாதம் ஏனாமும் ஜூலை மாதம் மாகேயும் விடுபட்டன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அது சட்டப்படி நிறைவேறிய நாள் 1962 ஆகஸ்ட் 16. விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளவும் ஒப்பந்தம் வழிவிட்டது. வெளிநாட்டு ஓய்வூதியம் பெறும் தாத்தாவைப் பற்றி வகுப்பில் யாராவது ஒருவர் சொல்வார்.

இப்போது கரும்பலகை வாக்கியத்திற்கு வாருங்கள். 1748இலும் 1763இலும் 1803இலும் மக்களைக் கேட்கவில்லை. 1954இல், பிரதிநிதிகள் வழியாகவேனும், கேட்டார்கள். இந்த வேறுபாட்டை மாணவரே கண்டு சொன்னால் குடிமையியல் பாடம் நிறைவேறிவிட்டது.

6. பள்ளிக்கூடமும் மொழியும்

ஆசிரியர்களாகிய நாம் தனியே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று. லூசியானாவின் 1921ஆம் ஆண்டு அரசியல் சட்டம், பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்றது. வீட்டில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் பள்ளியில் அம்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் பெற்றோரானபோது தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்றுத்தரத் தயங்கினார்கள். 1968இல் மொழியை மீட்க அரசே ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. இரண்டு தலைமுறைகளில் பள்ளிக்கூடம் கலைத்ததை மீண்டும் சேர்க்கும் வேலை இன்னும் நடக்கிறது.

நம் சின்னஞ்சிறு பிரதேசத்தில் தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மூன்று தாய்மொழிகள் உள்ளன. பயிற்றுமொழி எதுவானாலும், மாணவர் தம் வீட்டுமொழியில் கேள்வி கேட்கவும் விடை சொல்லவும் இடமிருக்க வேண்டும். ஊர் வரலாற்றைத் தாத்தா சொன்ன மொழியிலேயே மாணவர் வகுப்பில் சொல்லட்டும், எழுதும்போது மெருகேற்றிக்கொள்ளலாம்.

7. கடல் எடுக்கும் நிலம்

வரைபடம் இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது. இப்போது அதை மாற்றுவது கடலும், கடலில் நாம் செய்யும் வேலைகளும். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கல்லணைகள் கட்டப்பட்டன. மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. வடக்கே நகரத்தின் கரை அரிக்கப்பட்டது. அங்கே பாறைகளைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு நகர்ந்தது. 2018இல் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மணலுக்கு மாநில எல்லை தெரியாது. ஒரு கரையில் செய்த வேலையின் விளைவு அடுத்த கரையில் இருப்பவரின் வீட்டு வாசலுக்கு வருகிறது.

லூசியானாவும் கரையை இழக்கிறது. மிசிசிப்பி ஆற்றைக் கரைகட்டி அடக்கியதால் கழிமுகத்திற்கு வண்டல் வருவது குறைந்தது. எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்களும் நிலம் தாழ்வதும் சேர்ந்துகொண்டன. 1930களிலிருந்து ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் கடலில் போய்விட்டது. நம் யூனியன் பிரதேசத்தைப் போலப் பத்து மடங்கு! 2005இல் காத்ரீனா புயல் நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தபோது இந்த இழப்பின் விலை உலகிற்குத் தெரிந்தது. 2004 ஆழிப்பேரலையில் காரைக்கால் இழந்த உயிர்களையும், 2011 தானே புயலையும், 2024 பெஞ்சல் புயலின் பெருமழையையும் அறிந்த நம் மாணவர்களுக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்காது. மீனவக் குடும்பத்து மாணவரிடம் கேளுங்கள்: "உன் தாத்தா காலத்தில் படகை எங்கே இழுத்துப் போட்டார்கள்?" அவர் கை நீட்டும் இடத்தில் இன்று தண்ணீர் இருக்கும்.

8. வகுப்பறைச் செயல்பாடுகள்

எல்லைப் பயணம்: பேருந்தில் வரும் மாணவர்கள் வழியிலுள்ள ஊர்களை வரிசையாக எழுதி, எந்த ஊர் எந்த மாநிலம் என வண்ணமிடுதல். வகுப்பு முழுவதின் பயணங்களையும் ஒரே தாளில் ஒட்டினால் சிதறல் வரைபடம் தானாக உருவாகிவிடும்.

இரட்டைக் காலக்கோடு: தாளின் மேலே புதுச்சேரி, கீழே லூசியானா. 1664 முதல் 1962 வரையிலான ஆண்டுகளைக் குறித்து, இரண்டிற்கும் பொதுவான நிகழ்வுகளை நூலால் இணைத்தல்.

தெருப் பெயர்ப்பலகை: நகரத்தின் தமிழ், பிரெஞ்சு இருமொழிப் பலகைகளில் பத்தைப் பார்த்துவந்து, பெயருக்குரியவர் யார், எக்காலத்தவர் எனக் கண்டறிதல். பெண்களின் பெயர்கள் எத்தனை என்றும் எண்ணச் சொல்லுங்கள்.

மூத்தோர் நேர்காணல்: ஆலை, கடல், வயல், படை ஆகிய நான்கில் ஒன்றில் உழைத்த மூத்தவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகள். அவர் விரும்பாத செய்தியை எழுதக் கூடாது என்ற விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்த மேசை: ஐந்து மாணவர்கள் ஐரோப்பிய அரசுகளாக மேசையில் அமர்ந்து ஊர்களைப் பிரித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் அந்த ஊர்களின் மக்கள், அவர்களுக்குப் பேச அனுமதி இல்லை. பத்து நிமிடம் கழித்து அவர்களைப் பேசவிட வேண்டும். இந்தச் செயல்பாட்டின் உயிரே அந்தப் பேச்சுதான்.

9. மதிப்பீட்டிற்குச் சில வினாக்கள்

மாகேயும் ஏனாமும் புதுச்சேரியிலிருந்து தொலைவில் இருந்தும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தது ஏன்?

கம்பெனி ஆட்சியில் ஒரு கெஜம் நீலத்துணி கடந்த வழியை வரைபடத்தில் குறித்து விளக்குக.

1803இல் லூசியானா கைமாறியதும் 1954இல் புதுச்சேரி கைமாறியதும் எவ்வகையில் வேறுபடுகின்றன?

உன் ஊர்க் கரையில் ஒரு கல்லணை கட்டத் திட்டமிட்டால், யார் யாரிடம் கருத்துக் கேட்க வேண்டும்? ஏன்?

கடைசி வினாவிற்கு ஒரே சரியான விடை இல்லை. ஆனால் வடக்கே அடுத்த ஊரில் வாழ்பவரையும் கேட்க வேண்டும் என்று எழுதும் மாணவர் இந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றுவிட்டார்.

காரைக்கால், மாகே, ஏனாம் ஆசிரியர்கள் தத்தம் பகுதியை மையமாக வைத்து இதே கேள்வியை எழுப்பலாம். காரைக்காலுக்குக் காவிரி நீரும், மாகேக்கு மய்யழி ஆறும், ஏனாமுக்குக் கோதாவரியும் நல்ல தொடக்கங்கள். நான்கு பகுதி மாணவர்களும் தாம் தொகுத்ததை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டால், நமக்கு இதுவரை இல்லாத அந்தப் பாடநூலின் முதல் பக்கங்களை அவர்களே எழுதியிருப்பார்கள்.